கழுதைத் திருடனும் கதைத் திருடனும்

ஸ்பெயினில் பெருவழியோரம் ஒரு சத்திரம். இருட்டிவிட்டது. குள்ளமும் தொந்தியுமாக ஓர் ஆள் வந்து, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்கிறான். பறப்பது, நடப்பது, நீந்துவது எல்லாம் உண்டு, வாய் எதைக் கேட்கிறதோ அது கிடைக்கும் என்று அளக்கிறான் சத்திரக்காரன். சரி, இரண்டு கோழியைச் சுடு. கோழியா, பருந்துகள் விட்டுவைக்கவில்லையே. அப்படியானால் விடைக்கோழி? நேற்றுத்தான் ஐம்பதுக்கு மேல் பட்டணத்துக்கு விற்க அனுப்பினேன். கன்றிறைச்சி, ஆட்டிறைச்சி? இன்றைக்குத் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வேண்டிய மட்டும் இருக்கும். முட்டை? கோழியே இல்லை என்கிறேன், முட்டைக்கு எங்கே போவேன்? கடைசியில் அடுப்பில் இருப்பது கொண்டைக்கடலையும் வெங்காயமும் பன்றிக்கொழுப்பும் போட்டு வேகவைத்த மாட்டுக்கால் இரண்டு மட்டும்.

அதைச் சட்டியோடு அறைக்குக் கொண்டுவந்து வைக்க, அந்த ஆளின் எஜமானர் சாப்பிட உட்காருகிறார். மெல்லிய தடுப்புச் சுவருக்கு அப்பால் பேச்சுக் குரல் கேட்கிறது. சாப்பாடு வரும்வரை அந்த இரண்டாம் பாகத்தில் இன்னோர் அத்தியாயம் படிக்கலாமே என்கிறார் ஒருவர். முதல் பாகத்தைப் படித்தவன் இந்த உளறலை எப்படி ரசிப்பான் என்கிறார் மற்றவர். எனக்குப் பிடிக்காதது வேறு, தன் காதலி துல்சினேயாவை அவர் மறந்துவிட்டதாக அல்லவா எழுதியிருக்கிறான் என்கிறார் முதலாமவர். அவ்வளவுதான், இந்தப் பக்கத்திலிருந்து எஜமானர் கத்துகிறார். மறந்துவிட்டேன் என்று எவன் சொன்னான்? அவர்தான் தோன் கிஹோத்தே. பழைய தமிழ்ப் புத்தகங்களில் குயிக்ஸாட் என்று நாம் படித்தவர்.

செர்வாந்தெஸ் 1615இல் வெளியிட்ட இரண்டாம் பாகத்தின் 59ஆம் அத்தியாயம் இது. கதாபாத்திரம் தன்னைப் பற்றிய புத்தகத்தைப் போகிற வழியில் எதிர்கொள்வதே வேடிக்கைதான். அதைவிட வேடிக்கை, சுவருக்கு அப்பால் இருந்த அந்தப் புத்தகம் கற்பனையே இல்லை என்பது. அது அச்சாகிக் கடைக்கு வந்து, செர்வாந்தெஸின் கைக்கும் வந்து சேர்ந்த நிஜப் புத்தகம். யாரோ ஒருவர் அவருடைய நாயகனைத் தூக்கிக்கொண்டுபோய், அவருக்கு முன்பாகவே இரண்டாம் பாகத்தை எழுதி முடித்துவிட்டார். நவீன நாவல் இங்கேதான் தொடங்கியது என்று பலரும் சொல்லும் நூலின் பிற்பகுதி இன்றிருக்கும் உருவத்தில் பிறந்ததில் அந்தத் திருடருக்கும் பங்குண்டு. சரிபாதி என்றுகூடச் சொல்வேன், பக்கத்தில் ஸ்பானியர்கள் யாரும் இல்லாவிட்டால்.

முதல் பாகம் 1605 ஜனவரியில் வெளிவந்தபோது மிகேல் தே செர்வாந்தெஸுக்கு 57 வயது. அதற்கு முன் அவர் பட்ட பாடுகளைக் கதையாக எழுதினால் மிகை என்று ஒதுக்கிவிடுவார்கள். 1571இல் லெபான்தோ கடற்போரில் மார்பில் இரண்டு குண்டு, இடக்கையில் ஒன்று. அந்தக் கை அதோடு விளங்காமல் போயிற்று. 1575இல் ஊர் திரும்பும் வழியில் கடற்கொள்ளையர் பிடித்து அல்ஜியர்ஸுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்பெயின் மன்னரின் வேறு தாய் வயிற்றுச் சகோதரர் கொடுத்த பரிந்துரைக் கடிதம் அவரிடம் இருந்தது. ஊரில் வேலை வாங்கித் தரவேண்டிய கடிதம், இவன் பெரிய இடத்து ஆள் என்று கொள்ளையரை நம்பவைத்து மீட்புப் பணத்தைத்தான் ஏற்றிவிட்டது. ஐந்து வருடம் அடிமை வாழ்க்கை. நான்கு முறை தப்பிக்கப் பார்த்து நான்கு முறையும் மாட்டிக்கொண்டார். மீண்டு வந்தபின் கடற்படைக்குத் தானியம் கொள்முதல் செய்யும் வேலை கிடைத்தது. தேவாலயத்தின் கோதுமையில் கைவைக்கப் போய்ச் சபை விலக்கு வாங்கினார். 1590இல் அமெரிக்கக் காலனிகளில் ஒரு பதவி கேட்டு விண்ணப்பித்தார். இங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்ளட்டும் என்று குறிப்பெழுதித் திருப்பிவிட்டார்கள். பிறகு வரி வசூல். வசூலித்த பணத்தைப் போட்டுவைத்திருந்த லேவாதேவிக்காரர் திவாலாக, 1597இல் செவில் நகரச் சிறை. தன் புத்தகம் ஒரு சிறையில் கருக்கொண்டதாக முன்னுரையில் அவரே சாடையாகச் சொல்கிறார்.

இப்படிப்பட்ட மனிதர் எழுதிய புத்தகம் மத்ரித் நகரில், ஹுவான் தே லா க்வெஸ்தாவின் அச்சகத்தில் அச்சானது. அன்றைக்குப் புத்தக விலையை அரசே தாள் கணக்கில் நிர்ணயிக்கும். 83 தாள், தாளுக்கு மூன்றரை மரவேதி, ஆக 290½ மரவேதி. அச்சேறிய வேகத்தில் பிழைகள் மலிந்தன. அவற்றில் ஒரு பிழைக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு.

சத்திரத்தில் கோழி கேட்ட அந்தப் பணியாள் சாஞ்சோ பான்சாவின் கழுதை அது. முதல் பதிப்பில் ஓர் இடத்தில் கழுதை காணாமல் போய்விட்டது என்று சாஞ்சோ புலம்புகிறான். எப்போது போனது, எப்படிப் போனது என்று ஒரு வரி கிடையாது. சில அத்தியாயம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கழுதை அவன் பக்கத்தில் நிற்கிறது. படித்தவர்கள் சிரித்தார்கள். அதே 1605இல் வந்த மறுபதிப்பில் செர்வாந்தெஸோ பதிப்பாளரோ அவசரமாக ஒட்டுப்போட்டார்கள். ஹினேஸ் தே பசமோந்தே என்ற கைதி இரவில் கழுதையைத் திருடினான் என்று ஒரு பத்தி, பின்னால் அதைத் திரும்பப் பிடித்தார்கள் என்று இன்னொரு பத்தி. ஒட்டைப் போட்ட இடம்தான் தவறு. கழுதை திருடுபோன அடுத்த சில பக்கங்களிலும் சாஞ்சோ அதன் மேலேயே சவாரி செய்துகொண்டிருக்கிறான்.

இந்த ஹினேஸை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாகத்தில் அவன் துடுப்புக் கப்பலுக்குச் சங்கிலியில் இழுத்துச் செல்லப்படும் குற்றவாளி. தன் வாழ்க்கை வரலாற்றைத் தானே எழுதிக்கொண்டிருப்பதாகப் பெருமை பேசுபவன்.

புத்தகம் நன்றாக விற்றது. வந்த சில வாரங்களிலேயே லிஸ்பனில் திருட்டுப் பதிப்புகள் முளைத்தன. ஆசிரியருக்குத்தான் காசு சேரவில்லை. சக எழுத்தாளர்களின் மரியாதையும் சேரவில்லை. அன்றைய நாடக உலகின் சக்கரவர்த்தி லோப்பே தே வேகா, புத்தகம் கடைக்கு வருவதற்கு முன்பே, 1604 ஆகஸ்டில் எழுதிய கடிதத்தில், செர்வாந்தெஸைப் போல மோசமான கவிஞன் இல்லை, தோன் கிஹோத்தேயைப் பாராட்டும் அளவுக்கு முட்டாளும் இல்லை என்ற பொருளில் எழுதியிருக்கிறார். முதல் பாகத்தில் லோப்பேயின் நாடகங்களை செர்வாந்தெஸ் சீண்டியிருந்தார். பகை இருபக்கமும் உண்டு.

முதல் பாகத்தின் முடிவில் ஒரு காரியம் செய்தார் செர்வாந்தெஸ். நாயகன் மூன்றாம் முறையும் ஊரைவிட்டுக் கிளம்பினான், சரகோசா நகரத்து வீர விளையாட்டுகளில் கலந்துகொண்டான் என்று கேள்வி, ஆனால் ஏடு கிடைக்கவில்லை என்று எழுதி, இன்னொருவர் இதைவிட நன்றாகப் பாடக்கூடும் என்ற பொருளில் ஓர் இத்தாலியக் கவிதை வரியை வைத்து முடித்தார். வாசல் கதவைத் திறந்துபோட்டுத் திண்ணையில் விளக்கையும் ஏற்றிவைத்த மாதிரி.

பிறகு ஒன்பது வருடம் இரண்டாம் பாகத்தைக் காணோம். 1613இல் வந்த சிறுகதைத் தொகுப்பின் முன்னுரையில், விரைவில் வரும் என்று வாக்குக் கொடுத்தார். அவருடைய வாக்கின் லட்சணம் தெரிந்தவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். 1585இல் அவர் வெளியிட்ட ‘லா கலத்தேயா’ என்ற நாவலின் இரண்டாம் பாகத்தையும் இப்படித்தான் வருகிறது வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாவதற்கு மூன்று நாள் முன்பு, கடைசி எண்ணெய்ப் பூசுதலும் பெற்றுக்கொண்டபின் எழுதிய சமர்ப்பணத்தில்கூட, ஆயுள் இருந்தால் அதை எழுதுவேன் என்கிறார். அது வரவே இல்லை.

தோன் கிஹோத்தேயின் இரண்டாம் பாகத்துக்கும் அந்தக் கதி நேர்ந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நேராமல் காப்பாற்றியவர் திருடர்.

1614இல் ‘இரண்டாம் தொகுதி’ வந்தது. ஆசிரியர் பெயர் அலோன்சோ பெர்னாந்தெஸ் தே அவெயனேதா, ஊர் தோர்தேசியாஸ், அச்சான இடம் தர்ரகோனா என்று முகப்பில் இருந்தது. பெயர் புனைபெயர், ஊரும் அநேகமாகப் பொய். அச்சான இடம்கூடப் பொய் என்று சந்தேகிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. இன்னொருவர் கதையைத் தொடர்ந்து எழுதுவது அன்று பெரிய பாவமாகக் கருதப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ‘குஸ்மான் தே அல்ஃபராச்சே’ என்ற புகழ்பெற்ற நாவலுக்கு 1602இல் சாயவேத்ரா என்ற புனைபெயரில் ஒருவர் போலி இரண்டாம் பாகம் எழுதினார். அசல் ஆசிரியர் மத்தேயோ அலெமான் வழக்குக்குப் போகவில்லை. 1604இல் தன் சொந்த இரண்டாம் பாகத்தில் சாயவேத்ரா என்றே ஒரு திருடனைப் படைத்து, பைத்தியம் பிடிக்கவைத்துக் கடலில் குதிக்கவிட்டார்.

ஆனால் அவெயனேதா கதையைத் தொடர்ந்ததோடு நிற்கவில்லை. முன்னுரையில் செர்வாந்தெஸைக் கிழவன் என்றார். கை ஒன்றுதான், நாக்குதான் நீளம் என்றார். நண்பர்களே இல்லாத பொறாமைக்காரன் என்றார். லோப்பேயைப் பெயர் சொல்லாமல் தூக்கிப் பிடித்தார். இரண்டாம் பாகத்தில் உனக்கு வரவிருந்த வருமானத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், முடிந்தால் புகார் சொல் என்று கொக்கரித்தார். உள்ளே நாயகன் துல்சினேயாவைக் கைவிட்டு, காதலற்ற வீரன் என்று பட்டம் சூட்டிக்கொண்டு சரகோசா போகிறான். கடைசியில் தொலேதோ நகரத்துப் பைத்தியக்கார விடுதியில் அடைக்கப்படுகிறான். சாஞ்சோ வெறும் சாப்பாட்டுராமன். புத்தகம் படுமோசம் என்று சொல்ல முடியாது. சிரிக்கத் தெரிந்த ஆள்தான் எழுதியிருக்கிறார். நாயகன் பைத்தியம் என்பது அவருக்குத் தெரிந்தது. அந்தப் பைத்தியத்தை நாம் ஏன் நேசிக்கிறோம் என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

இது வந்த சமயத்தில் செர்வாந்தெஸ் எங்கே இருந்தார்? அவருடைய இரண்டாம் பாகத்தின் 36ஆம் அத்தியாயத்தில் சாஞ்சோ மனைவிக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். அதில் போட்டிருக்கும் தேதி 1614 ஜூலை 20. அந்த இடத்தை எழுதிய நாளின் தேதியையே போட்டிருப்பார் என்பது பலருடைய கணிப்பு. நூல் மொத்தம் 74 அத்தியாயம். 1615 பிப்ரவரியில் தணிக்கை அனுமதி கையில் இருக்கிறது. அதாவது, ஒன்பது வருடத்தில் பாதி தாண்டாதவர் மீதியை ஏழெட்டு மாதத்தில் முடித்திருக்கிறார். 67 வயதில், நீர்க்கட்டு நோயோடு.

கோபம் வேகத்தைக் கொடுத்தது, சரி. புலம்பலாகவோ வசையாகவோ முடிந்திருக்க வேண்டிய கோபத்தை அவர் கதைக்குள் கொண்டுபோனாரே, அதுதான் எனக்கு வியப்பு. அதற்கு நிலம் ஏற்கெனவே பண்பட்டிருந்தது. இரண்டாம் பாகத்தின் தொடக்கத்திலேயே சலமான்கா பட்டதாரி ஒருவன் வந்து, உங்களைப் பற்றிய புத்தகம் 12,000 பிரதிக்கு மேல் அச்சாகிவிட்டது என்று தோன் கிஹோத்தேயிடமும் சாஞ்சோவிடமும் சொல்கிறான். கழுதை விஷயம் என்னாயிற்று என்று வாசகர்கள் கேட்பதாகவும் சொல்கிறான். சாஞ்சோ திருட்டை விவரித்துவிட்டு, திருடுபோன கழுதையில் நான் சவாரி செய்வதாக இருந்தால் அது எழுதியவரின் தப்பாக இருக்கும், இல்லை அச்சுக்கோத்தவரின் கவனக்குறைவாக இருக்கும் என்று கைகழுவுகிறான். தன் பிழைக்குக் கதாபாத்திரத்தை விட்டே பதில் சொல்லவைத்த ஆசிரியரிடம்தான் அவெயனேதா வந்து மாட்டினார்.

இனிச் சத்திரத்துக்குத் திரும்பலாம். அடுத்த அறைக்காரர்கள் ஓடிவந்து தோன் கிஹோத்தேயைத் தழுவிக்கொள்கிறார்கள், கையில் புத்தகத்தைக் கொடுக்கிறார்கள். அவர் சற்றுப் புரட்டிவிட்டு மூன்று குறை சொல்கிறார். முன்னுரையின் வசை, அரகோன் வட்டாரத்து வழக்கு, சாஞ்சோவின் மனைவி தெரேசாவின் பெயரை மரி குத்தியெர்ரெஸ் என்று மாற்றிவிட்டது. மூன்றாவது குறைதான் வேடிக்கை. முதல் பாகத்தில் அந்தப் பெண்ணுக்கு ஹுவானா என்றும் மரி குத்தியெர்ரெஸ் என்றும் மாற்றி மாற்றிப் பெயர் வைத்தவர் செர்வாந்தெஸேதான். திருடர் பாவம், பார்த்து ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்.

அந்தப் புத்தகத்தில் நீங்கள் சரகோசா போனதாக இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் நான் சரகோசாவில் கால் வைக்க மாட்டேன் என்று அந்த இடத்திலேயே பயணத்தை பார்சலோனாவுக்குத் திருப்புகிறார். பத்து வருடமாக வாசகருக்குச் சொல்லிவைத்த வழி, ஒரு போலிப் புத்தகத்தைப் பொய்யாக்குவதற்காக மாறுகிறது. அந்த மாற்றம் இல்லையென்றால் இருவரும் முதல்முறையாகக் கடலைப் பார்க்கும் அந்தக் காலைப்பொழுது நமக்கு இல்லை. கடற்கரையில் தோன் கிஹோத்தே தோற்று விழும் கடைசிச் சண்டையும் இல்லை.

பார்சலோனாவில் ஓர் அச்சகத்துக்குள் நுழைகிறார். ஒருவர் படிவம் திருத்திக்கொண்டிருக்கிறார். என்ன புத்தகம் என்று கேட்டால் அதே போலி. பன்றிகளை அறுக்கும் நவம்பர் திருநாள் இதற்கும் வரும் என்று முகம் சுளித்துக்கொண்டு வெளியேறுகிறார். பிறகு ஒரு பெண், தான் செத்துப் பிழைத்துப் பார்த்த காட்சியைச் சொல்கிறாள். நரக வாசலில் பேய்கள் பந்தாடுகின்றன, பந்துக்குப் பதில் புத்தகங்கள். ஒரே அடியில் பிய்ந்து தாள் தாளாகப் பறந்தது அவெயனேதாவின் புத்தகம். நானே மெனக்கெட்டாலும் இதைவிட மோசமாக எழுத முடியாது என்கிறது ஒரு பேய்.

எனக்கு இதிலெல்லாம் பிடித்தது 72ஆம் அத்தியாயம். ஊர் திரும்பும் வழியில் இன்னொரு சத்திரத்தில் அல்வாரோ தார்ஃபே என்ற கனவானைச் சந்திக்கிறார்கள். இவர் அவெயனேதாவின் கதாபாத்திரம். போலி தோன் கிஹோத்தேயைச் சரகோசாவுக்கு அழைத்துப்போய், பிறகு பைத்தியக்கார விடுதியில் விட்டவர். திருடர் வீட்டுக்குள் புகுந்து அவருடைய ஆளையே சாட்சியாக இழுத்துவந்துவிட்டார் செர்வாந்தெஸ். நான்தான் அசல், சரகோசாவை நான் பார்த்ததே இல்லை என்கிறார் நம்மவர். சாஞ்சோ இரண்டு வார்த்தை பேசியதும் தார்ஃபேக்குப் புரிந்துவிடுகிறது. அது போதாதாம். அந்த நேரம் ஊர் நீதிபதி ஓர் எழுத்தரோடு சத்திரத்துக்குள் வர, முறைப்படி மனு கொடுத்து, அச்சில் இருக்கும் தோன் கிஹோத்தே இவர் அல்ல என்று தார்ஃபேயிடம் வாக்குமூலம் எழுதி வாங்குகிறார்கள். அரசு அலுவலகங்களில் ஆயுளைத் தொலைத்தவருக்குத்தான் இப்படி ஒரு பழிவாங்கல் தோன்றும்.

தார்ஃபேக்குப் பதில் போலி தோன் கிஹோத்தேயையே கொண்டுவந்து அசலோடு மோதவிட்டிருக்கலாமே, நல்ல வாய்ப்பை நழுவவிட்டாரே என்று எழுத்தாளர் நபக்கோவ் தன் ஹார்வர்டு விரிவுரைகளில் அங்கலாய்த்தார். போலிதான் ஜெயித்திருக்கும் என்றும் சொன்னார். எனக்கு ஒப்புதல் இல்லை. இரண்டு பைத்தியங்கள் ஈட்டியோடு மோதுவதை யாரும் எழுதிவிடலாம். முத்திரைத்தாள் வாக்குமூலத்தை யார் எழுதுவார்கள்?

கடைசியில் தோன் கிஹோத்தே காய்ச்சலில் படுக்கிறார், பித்தம் தெளிகிறது, அலோன்சோ கிஹானோ என்ற பழைய பெயரோடு சாகிறார். அந்தப் போலிப் புத்தகத்தின் ஆசிரியரைச் சந்தித்தால், இத்தனை அபத்தத்தை எழுத நான் காரணமாகிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று உயிலில் ஒரு பிரிவு. மூச்சு நின்றதும் பாதிரியார் எழுத்தரை அழைத்து, இயற்கையாக இறந்தார் என்று சான்றிதழ் கேட்கிறார். அவெயனேதாக்கள் மறுபடி எழுப்பிவிடக் கூடாதே. நாவல் உலகின் மிகப் பெரிய மரணக் காட்சிகளில் ஒன்று, உரிமைப் பிரச்சினைக்கு வைத்த முத்திரையும் கூட.

முன்னுரையை அவர் கடைசியில் எழுதியிருக்கவேண்டும். வசையை எதிர்பார்ப்பீர்கள், தரமாட்டேன் என்று தொடங்குகிறார். கிழவன், ஒற்றைக்கையன் என்றதுதான் வலித்தது, இந்தக் கை சாராயக்கடைச் சண்டையில் போனதல்ல என்கிறார். அப்புறம் செவில் நகரத்துப் பைத்தியம் ஒருவன் கதை. தெருநாயைப் பிடித்து, பின்புறத்தில் நாணற்குழலைச் செருகி, பந்துபோல ஊதி, வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டி விடுவானாம். கூடி நின்றவர்களைப் பார்த்து, நாயை ஊதுவது லேசான வேலை என்று நினைத்தீர்களா என்பானாம். புத்தகம் எழுதுவது லேசான வேலை என்று நினைத்தாயா என்று அவெயனேதாவிடம் கேட்கச் சொல்கிறார்.

அவெயனேதா யார்? லோப்பேயின் வட்டத்தில் ஒருவர் என்பார்கள். நான் சாய்வது ஸ்பானிய அறிஞர் மார்த்தின் தே ரிக்கேர் 1988இல் நூலாக விரித்துச் சொன்ன ஊகத்தின் பக்கம். அரகோன்காரரான ஹெரோனிமோ தே பசமோந்தே என்று ஒரு சிப்பாய் இருந்தார். செர்வாந்தெஸ் இருந்த அதே படைப்பிரிவு, அதே லெபான்தோ போர். துருக்கியரிடம் 18 வருடம் சிறைப்பட்டு மீண்டு, தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். பெயரும் எழுத்தும் எங்கேயோ கேட்டதுபோல் இல்லையா? சுயசரிதை எழுதும் கைதி ஹினேஸ் தே பசமோந்தே. தன்னைக் குற்றவாளியாக்கி நாடே சிரிக்க அச்சடித்தவனுக்கு அவர் கொடுத்த பதிலடிதான் போலி இரண்டாம் பாகம் என்கிறார் ரிக்கேர். ஐயம் தீர நிரூபணமாகவில்லை. ஆனால் 59ஆம் அத்தியாயத்தில் அரகோன் வழக்கு என்று செர்வாந்தெஸ் விரல் நீட்டுவதையும், போலிப் புத்தகத்தை வைத்திருந்த அடுத்த அறைக்காரர்களில் ஒருவருக்கு தோன் ஹெரோனிமோ என்று பெயர் சூட்டியிருப்பதையும் பார்க்கும்போது, கழுதையைத் திருடியவனே கதையையும் திருடினான் என்று செர்வாந்தெஸ் நினைத்திருப்பார் என்றுதான் படுகிறது.

இரண்டாம் பாகம் 1615 இறுதியில் வெளிவந்தது. சமர்ப்பணத்தில், சீனச் சக்கரவர்த்தி ஸ்பானிய மொழிப் பள்ளி தொடங்க இந்தப் புத்தகத்தைக் கேட்டு ஆள் அனுப்பியதாகவும், வழிச்செலவுக்குப் பணம் கொடுக்காததால் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் ஒரு கேலி. அந்த அளவில்தான் இருந்தது அவருடைய பணநிலை. ஆறு மாதம் ஆவதற்குள், 1616 ஏப்ரல் 22 அன்று இறந்தார். அவெயனேதாவின் புத்தகம் ஸ்பானிய மொழியில் மறுபதிப்புக் காண 1732 ஆகிவிட்டது.

மத்ரித்தில் செர்வாந்தெஸை அடக்கம் செய்த கன்னிமாடம் இருக்கும் தெருவுக்கு இன்று லோப்பே தே வேகா தெரு என்று பெயர். லோப்பேயின் வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அதற்கு வழி கேட்டால், அடுத்த தெரு, செர்வாந்தெஸ் தெரு, 11ஆம் எண் என்பார்கள்.